வீட்டில் எலித் தொல்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்குள் எலி நடமாடுகிறது என்று தெரிந்தவுடன் பெரும்பாலோர் பொறியையோ மருந்தையோ தேடிப் போகிறார்கள். முதலில் தேட வேண்டியது எலி வந்த வழியை. ஓட்டை திறந்திருக்கும் வீட்டில் எத்தனை எலிகளைப் பிடித்தாலும், காலியான இடத்துக்கு அடுத்த எலி வந்து சேரும். கீழே உள்ள பதில்கள் இந்த ஒரே எண்ணத்தை வைத்துத்தான் எழுதப்பட்டுள்ளன.

இரவில் ஏதோ ஓடுகிற சத்தம் கேட்கிறது, ஆனால் எதையும் கண்ணால் பார்க்கவில்லை. எலிதான் என்று எப்படி உறுதி செய்வது?

எலியைப் பார்ப்பதற்கு முன்பே அதன் தடயங்களைப் பார்த்துவிடலாம். முதல் தடயம் புழுக்கை. அடுப்புக்குப் பின்னால், பாத்திர அலமாரியின் மூலையில், குளிர்பதனப் பெட்டியின் அடியில், துணி அடுக்கும் பெட்டிகளின் இடுக்கில் கைவிளக்கு வெளிச்சத்தில் தேடுங்கள். புதிய புழுக்கை கறுத்து, மென்மையாகவும் சற்றுப் பளபளப்பாகவும் இருக்கும். பழையது சாம்பல் நிறமாகி, குச்சியால் தொட்டால் உதிர்ந்துபோகும். அடுத்தது கறை. எலி திறந்த வெளியைத் தவிர்த்து, மீசை மயிர்கள் சுவரில் உரசும்படி ஓரமாகவே ஓடும் பழக்கம் உடையது. ஒரே பாதையில் நாள்தோறும் போய்வருவதால், அதன் உடலில் உள்ள எண்ணெய்ப் பசையும் அழுக்கும் சுவரின் அடிப்பகுதியில் மங்கிய கரும்பட்டையாகப் படியும். இவற்றோடு கடித்துத் துருவிய காகிதமும் பஞ்சும், பிளாஸ்டிக் மூடிகளில் இரட்டைப் பல் தடமும், மூடிக் கிடந்த அலமாரியைத் திறந்தால் வரும் சிறுநீர் நாற்றமும் சேர்ந்தால் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

இன்னும் உறுதி வேண்டுமென்றால், படுக்கப் போகும் முன் சுவரோரமாக ஒரு சாண் அகலத்துக்கு முகப்பவுடரையோ மாவையோ மிக மெல்லியதாகத் தூவி வையுங்கள். காலையில் விளக்கைத் தாழ்த்திச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால், நான்கு விரல் கொண்ட முன்கால் தடமும் ஐந்து விரல் கொண்ட பின்கால் தடமும் தெரியும். எலியாக இருந்தால் அவற்றின் நடுவே வால் இழுபட்ட மெல்லிய கோடும் தெரியலாம். அந்தத் தடம் எந்தப் பக்கம் போய் மறைகிறது என்பதே உங்களுக்குக் கிடைக்கும் மிக முக்கியமான செய்தி. நானும் எங்கள் வீட்டில் பல நாள் தேடியும் கிடைக்காத ஓட்டையை இப்படித்தான் கண்டுபிடித்தேன். கை கழுவும் தொட்டிக்குக் கீழே, தண்ணீர்க் குழாய் சுவருக்குள் போகும் இடத்தில், குழாயைச் சுற்றி ஒரு விரல் நுழையும் அளவுக்குப் பூச்சு உதிர்ந்திருந்தது. அங்கே போய் மாவுத் தடம் நின்றுவிட்டது.

வந்திருப்பது சுண்டெலியா பெரிய எலியா என்று தெரிந்துகொள்வதால் என்ன பயன்?

பயன் நிறைய உண்டு, ஏனென்றால் இரண்டின் சுபாவமும் வேறு. வீட்டுச் சுண்டெலி 20 கிராம் அளவே எடை உள்ளது. அதன் புழுக்கை 3 முதல் 6 மில்லிமீட்டர் நீளத்தில் அரிசிமணியை விடச் சிறிதாக, முனை கூர்ந்து இருக்கும். பெரிய எலிகளில் வீடுகளுக்குள் அதிகம் வருபவை இரண்டு வகை. ஒன்று கூரை எலி எனப்படும் கறுப்பு எலி. மெலிந்த உடலும் பெரிய காதுகளும் உடலை விட நீண்ட வாலும் கொண்டது, ஏறுவதில் தேர்ந்தது, பரணையும் கூரையையும் விரும்புவது. மற்றொன்று பழுப்பு எலி. கனத்த உடல், மழுங்கிய மூக்கு, உடலை விடக் குட்டையான வால், நிலத்தில் வளை தோண்டுவதும் சாக்கடையில் நீந்துவதும் அதன் இயல்பு. அரை கிலோ வரை எடை கூடக்கூடியது இதுதான். கூரை எலியின் புழுக்கை கூர்முனையுடன் இருக்கும். பழுப்பு எலியின் புழுக்கை மழுங்கிய முனையுடன் 2 சென்டிமீட்டர் வரை நீண்டிருக்கும்.

சுபாவத்தில் உள்ள பெரிய வேறுபாடு புதிய பொருளைக் கண்டால் என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது. சுண்டெலி ஆர்வத்தோடு வந்து முகர்ந்து பார்க்கும். பெரிய எலி அஞ்சி, பல நாட்கள் அதன் பக்கமே வராது. சுண்டெலி தன் கூட்டிலிருந்து சில மீட்டர் தொலைவுக்குள்ளேயே வாழ்ந்து முடித்துவிடும், உணவில் உள்ள ஈரமே அதற்குப் பெரும்பாலும் போதும். பெரிய எலி இரை தேடிப் பல பத்து மீட்டர் போகும், நாள்தோறும் தண்ணீர் தேடும். ஆகவே சுண்டெலி இருந்தால் பொறிகள் பல, நெருக்கமாக வேண்டும். பெரிய எலி இருந்தால் பொறிகள் சிலவும் பொறுமை அதிகமும் வேண்டும்.

நீண்ட மூக்குள்ள, கீச்சென்று கத்தும் சிறிய பிராணி ஒன்று சுவரோரம் ஓடுகிறது. அதுவும் எலிதானா?

அது மூஞ்சூறு. தோற்றத்தில் எலியைப் போல இருந்தாலும் கொறிக்கும் இனத்தைச் சேர்ந்தது அல்ல. கரப்பான், புழு, பூச்சி ஆகியவற்றைத் தின்று வாழ்வது. மரத்தையோ மின்கம்பியையோ அது கடித்து நாசம் செய்வதில்லை. உடலிலிருந்து கடுமையான வாடை வரும் என்பதும், தரையில் எச்சம் போடும் என்பதும் உண்மை. வாசல் கதவின் அடியில் உள்ள இடைவெளியை அடைத்தாலே அதன் வரவு குறைந்துவிடும். எலி என்று எண்ணி மருந்து வைத்துக் கொல்ல வேண்டிய பிராணி அல்ல.

வீட்டைச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறோம். பிறகும் ஏன் எலி வருகிறது?

எலி வருவது வீட்டாரின் சுத்தக் குறைவுக்கு அடையாளம் என்ற எண்ணம் பலரை வெட்கப்பட வைத்து, வெளியே சொல்லாமல் காலம் கடத்த வைக்கிறது. அப்படி வெட்கப்பட ஒன்றும் இல்லை. எலிக்கு வேண்டியவை உணவு, தண்ணீர், ஒளிந்துகொள்ள இடம் ஆகிய மூன்றுதான், அவையும் மிகக் குறைந்த அளவில் போதும். சுண்டெலி ஒன்றின் ஒரு நாள் உணவு ஏறத்தாழ 3 கிராம். அடுப்படியில் சிந்திய மணிகளும், நாய்க்கு வைத்த தட்டில் மீந்ததும், பறவைகளுக்கு இறைத்த தானியமும் ஒரு குடும்பத்தையே வளர்க்கும். மழை பெய்து வளைகளில் நீர் புகும்போதும், குளிர் கூடும்போதும், பக்கத்தில் பழைய கட்டடத்தை இடிக்கும்போதும், அறுவடை முடிந்து வயல் வெறுமையாகும்போதும் எலிகள் புது இடம் தேடி வருவது இயல்பு.

ஆனாலும் சுத்தம் வீண் என்று பொருள் அல்ல. உணவு எளிதில் கிடைக்காத வீட்டில்தான் பொறியில் வைத்த இரைக்கு மதிப்பு உண்டு. தானியங்களையும் மாவு வகைகளையும் கண்ணாடியிலோ உலோகத்திலோ செய்த, இறுக மூடும் கலங்களில் வையுங்கள்; மெல்லிய பிளாஸ்டிக்கை எலி ஓரிரவில் துளைத்துவிடும். குப்பைத் தொட்டிக்கு மூடி வேண்டும். வளர்ப்புப் பிராணியின் உணவுத் தட்டை இரவில் எடுத்துவிட வேண்டும். சொட்டும் குழாயைச் சரிசெய்ய வேண்டும். சுவரை ஒட்டி அட்டைப் பெட்டிகளையும் பழைய காகிதங்களையும் அடுக்கி வைப்பது எலிக்குக் கூடு கட்டிக் கொடுப்பதற்குச் சமம்.

எவ்வளவு சிறிய ஓட்டை வழியாக எலி நுழையும்? எங்கெல்லாம் தேட வேண்டும்?

ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். அது நுழையும் ஓட்டையில் சுண்டெலி நுழையும். 6 மில்லிமீட்டர் இடைவெளி அதற்குப் போதும். வளர்ந்த பெரிய எலிக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் போதும், அதாவது உங்கள் கட்டைவிரல் நுழையும் இடத்தில் அதுவும் நுழையும். தலை போகும் இடத்தில் உடலையும் நெளித்து இழுத்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு உண்டு.

பகல் வெளிச்சத்தில், பென்சிலையும் கைவிளக்கையும் எடுத்துக்கொண்டு வீட்டை வெளியே ஒருமுறை, உள்ளே ஒருமுறை முழுவதுமாகச் சுற்றி வாருங்கள். தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், எரிவாயுக் குழாய், மின்கம்பி, குளிரூட்டியின் குழாய் ஆகியவை சுவரைத் துளைத்து உள்ளே வரும் ஒவ்வோர் இடத்தையும் சுற்றிலும் பாருங்கள். கதவுகளின் அடியைப் பாருங்கள். இருட்டிய பின் உள்ளே விளக்கேற்றிவிட்டு வெளியே நின்று பார்த்தால், கதவடியில் வெளிச்சம் கசியும் இடமெல்லாம் சுண்டெலிக்கு வாசல்தான். காற்றுத் துளைகள், புகைபோக்கி, கூரை ஓடும் சுவரும் சேரும் இடம், தரையிலுள்ள சாக்கடை வடிகால் மூடி, சமையலறை அலமாரிகளின் பின்பக்கப் பலகை இவற்றையும் விடக் கூடாது. கூரை எலி இருக்கிறது என்று தெரிந்தால் தலையை உயர்த்திப் பாருங்கள்: கூரையைத் தொடும் மரக்கிளைகளும், வீட்டோடு இணையும் கம்பிகளும் அதற்குச் சாலைகள். கிளைகளைக் கூரையிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி இருக்கும்படி வெட்டிவிடுவது நல்லது.

ஓர் ஓட்டை இப்போது பயன்பாட்டில் இருக்கிறதா என்று அறியவும் எளிய வழி உண்டு. கசக்கிய காகிதத்தைத் தளர்வாக அதில் திணித்து வையுங்கள். மறுநாள் காலை காகிதம் வெளியே தள்ளப்பட்டோ கடிக்கப்பட்டோ கிடந்தால் அது நடமாட்டமுள்ள வழி. மூன்று நான்கு நாட்கள் அசையாமல் இருந்தால் அது பழைய வழி. ஆனால் அதையும் அடைக்கத்தான் வேண்டும்.

ஓட்டையை எதைக் கொண்டு அடைப்பது?

எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. அவற்றின் முன்பக்கத்தில் மட்டும் கெட்டியான எனாமல் படலம் இருப்பதால், பின்பக்கம் முதலில் தேய்ந்து, முனை எப்போதும் உளியைப் போலக் கூராக நிற்கிறது. மரம், பிளாஸ்டிக், ரப்பர், காய்ந்து இறுகாத சிமெண்ட், ஈயம், அலுமினியத் தகடு வரை அந்தப் பல்லுக்கு இடம் கொடுத்துவிடும். ஆகவே துணியையோ காகிதத்தையோ திணிப்பதும், குழாயிலிருந்து பீய்ச்சி அடிக்கும் நுரையை மட்டும் நம்புவதும் வீண். நுரை காற்றைத்தான் தடுக்கும்.

சிறிய ஓட்டைகளுக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிச் சுருளை இறுக்கமாகத் திணித்து, அதன்மேல் சிமெண்ட் கலவையோ கெட்டியாக இறுகும் பூச்சோ பூசுங்கள். சாதாரண இரும்புச் சுருள் ஈரத்தில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். பெரிய ஓட்டைகளுக்குக் கம்பி வலை வைத்துச் சிமெண்ட் பூச வேண்டும். காற்றுத் துளைகளை மூடக் கூடாது; கண்ணளவு 6 மில்லிமீட்டருக்குக் குறைந்த துத்தநாகப் பூச்சு வலையை அவற்றின் மேல் திருகாணி கொண்டு பொருத்தலாம். மரக் கதவின் அடியில் உலோகத் தகடும், தரையைத் தொடும் தூரிகைப் பட்டையும் சேர்த்து அடித்துவிட்டால் போதும்.

வரிசை முக்கியம். வெளிச்சுவரில் உள்ள எல்லா ஓட்டைகளையும் ஒரே நாளில் அடைத்துவிட்டு உள்ளே பொறி வைக்காமல் இருந்தால், உள்ளே மாட்டிக்கொண்ட எலிகள் புதிய வழி தேடிக் கண்டதையும் கடிக்கும். எனவே அடைக்கும் வேலையும் பிடிக்கும் வேலையும் ஒரே வாரத்தில் சேர்ந்து நடக்க வேண்டும்.

கழிப்பறைத் தொட்டி வழியாக எலி வருமா?

அபூர்வமாக வரும். பழுப்பு எலி நன்றாக நீந்தும். நீர் நிற்கும் வளைவுக் குழாயை மூச்சடக்கிக் கடந்துவிடும். ஒருமுறை வந்தால் கழிவுநீர்க் குழாய் எங்கோ உடைந்திருக்கக்கூடும் என்று எண்ணிக் குழாய் வேலை தெரிந்தவரை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எலி மேலேறி வராதபடி குழாய்க்குள் பொருத்தும் ஒருவழி அடைப்பும் உண்டு.

ஒரே ஓர் எலியைத்தான் பார்த்தோம். அவசரப்பட வேண்டுமா?

ஆம், வேண்டும். சுண்டெலியின் சினைக்காலம் மூன்று வாரம். ஓர் ஈற்றில் ஐந்து முதல் எட்டுக் குட்டிகள். அந்தக் குட்டிகள் பிறந்து ஆறு முதல் எட்டு வாரங்களில் தாமும் குட்டி போடும் பருவத்தை அடைந்துவிடுகின்றன. ஒரு பெண் சுண்டெலி ஆண்டுக்கு ஐந்து முறைக்கு மேல் ஈனக்கூடும். வீட்டில் உணவும் கதகதப்பும் இருந்தால் எந்தப் பருவத்திலும் இது நிற்பதில்லை. மேலும், பகலில் கண்ணில் படும் எலி என்றால், இரவில் இடம் போதாத அளவுக்கு அவற்றின் எண்ணிக்கை கூடியிருக்கலாம். இந்த மாதம் இரண்டு பொறியில் முடியும் வேலை, மூன்று மாதம் கழித்து அவ்வளவு எளிதில் முடியாது.

எந்தப் பொறி நல்லது? அதை எப்படி வைப்பது?

வீட்டுக்குள் என் முதல் தேர்வு வில்விசை உள்ள அடிப்பொறிதான். சரியாக வேலை செய்யும் பொறி நொடியில் கொன்றுவிடும், நஞ்சு இல்லை, செத்த எலி எங்கே கிடக்கிறது என்ற தேடலும் இல்லை. சுண்டெலிப் பொறியும் பெரிய எலிப் பொறியும் அளவில் வேறு. சிறிய பொறியில் பெரிய எலி மாட்டினால் சாகாமல் அடிபட்டுத் தப்பும். அதன்பின் அது எந்தப் பொறியையும் நெருங்காது.

பொறி சுவருக்குச் செங்குத்தாக, இரை வைக்கும் தட்டு சுவரைத் தொடும்படி இருக்க வேண்டும். சுவரோரம் ஓடிவரும் எலி எந்தப் பக்கமிருந்து வந்தாலும் தட்டின்மேல் கால் வைக்கும். அறையின் நடுவில் வைத்த பொறி பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கும். புழுக்கையும் கறையும் கண்ட இடங்களில், சுண்டெலிக்கு இரண்டு மீட்டருக்கு ஒன்றாக வையுங்கள். ஒன்றிரண்டு பொறியை ஒரு மாதம் வைத்திருப்பதை விட, பத்துப் பொறியை மூன்று நாள் வைப்பது பலன் தரும். இரை பயறளவு போதும். அதிகம் வைத்தால் விசையைத் தொடாமலே ஓரமாக நக்கிவிட்டுப் போய்விடும். நிலக்கடலை விழுது போல ஒட்டிக்கொள்ளும் எதுவும் நல்லது. எலி ஏற்கெனவே எதைக் கடித்து வருகிறதோ அதையே வைப்பது இன்னும் நல்லது. கூடு கட்டும் காலத்தில் தட்டில் சுற்றிய பஞ்சும் நூலும்கூட இழுக்கும். குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் உள்ள வீட்டில் பொறியைத் துளையுள்ள பெட்டிக்குள் வையுங்கள்.

ஒரு வாரம் ஆகியும் பொறியில் ஒன்றும் சிக்கவில்லையே?

பெரிய எலியாக இருந்தால் இது இயல்புதான். புதிய பொருளின்மீது அதற்குள்ள அச்சத்தை முதலில் போக்க வேண்டும். விசையை ஏற்றாமல், இரையை மட்டும் வைத்துப் பொறியை நான்கைந்து நாட்கள் அதே இடத்தில் விட்டுவிடுங்கள். காலையில் இரை காணாமல் போயிருந்தால் மீண்டும் வையுங்கள். இரண்டு மூன்று இரவுகள் தொடர்ந்து தின்ற பிறகு ஒரே மாலையில் எல்லாப் பொறிகளின் விசையையும் ஏற்றுங்கள். அன்றிரவு அநேகமாகப் பலன் கிடைக்கும். சுண்டெலியாக இருந்தால் காரணம் வேறு: பொறியின் இடம் தவறாக இருக்கும். ஓரிரு மீட்டர் தள்ளி வைத்துப் பாருங்கள்.

கூண்டில் உயிருடன் பிடித்து எங்காவது விட்டுவிடலாமா?

கொல்ல மனமில்லாதவர்களின் தயக்கத்தை மதிக்கிறேன். ஆனால் உண்மை நிலையையும் சொல்ல வேண்டும். பக்கத்தில் விட்டால் திரும்பி வந்துவிடும். தொலைவில் விட்டால் ஒளியவும் உண்ணவும் இடம் தெரியாமல் பெரும்பாலும் இறந்துபோகும், அல்லது இன்னொருவர் வீட்டில் புகும். பாலூட்டும் தாயைக் கொண்டுபோய் விட்டால் சுவருக்குள் குட்டிகள் பட்டினியில் சாகும். பிடித்த எலியை வெளியே விடுவதைச் சட்டம் தடுக்கும் இடங்களும் உண்டு. கூண்டு வைப்பதானால் காலையும் மாலையும் தவறாமல் பாருங்கள். மறந்துபோன கூண்டில் எலி தாகத்தால் மெல்ல மெல்லச் சாவது எந்தப் பொறியையும் விடக் கொடியது.

ஒட்டு அட்டை பயன்படுத்தலாமா?

வேண்டாம். பசையில் ஒட்டிய எலி பல மணி நேரம் துடித்து, தன் தோலையும் காலையும் கிழித்துக்கொண்டு, அச்சத்தில் சிறுநீரும் மலமும் கழித்துக்கொண்டே சாகிறது. அந்தச் சிறுநீரில் நோய்க்கிருமிகள் இருக்கலாம் என்பதால் அதை எடுக்கும் உங்களுக்கும் தீங்கு. பல்லியும் குருவியும் அதில் மாட்டுகின்றன. இங்கிலாந்தில் 2024 ஜூலை 31 முதல் உரிமம் இல்லாமல் எலிக்கு ஒட்டு அட்டை வைப்பது குற்றம். அடிப்பொறி கிடைக்கும்போது இதற்குத் தேவையே இல்லை.

எலி மருந்து வைப்பது பற்றி என்ன சொல்கிறீர்கள்?

வீட்டுக்குள் அது கடைசி வழியாக இருக்க வேண்டும். ஏன் என்று புரிய, மருந்து எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும்.

இன்று அதிகம் விற்பவை இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகையைச் சேர்ந்தவை. அதன் தொடக்கம் மாட்டுத் தொழுவத்தில்: 1920-களில் வட அமெரிக்காவில் பூசணம் பிடித்த இனிப்பு குளோவர் என்னும் தீவனச் செடியின் வைக்கோலைத் தின்ற மாடுகள் சிறு காயத்திலும் இரத்தம் நிற்காமல் இறந்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் குழுவினர் அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன் வழியில் பிறந்த வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாக வந்தது. எலி புதிய உணவைச் சிறிதளவு சுவைத்துப் பார்த்து, உடம்புக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் மறுபடி தொடாது. இந்த மருந்தோ சில நாட்கள் கழித்தே வேலை செய்வதால், தின்றதற்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை எலியால் அறிய முடிவதில்லை. 1958-இல் ஸ்காட்லாந்தில் வார்ஃபரினுக்கு அடங்காத எலிகள் தென்பட்டன. அதன்பின் புரோமடியலோன், புரோடிஃபாகூம் போன்ற இன்னும் வீரியமுள்ளவை வந்தன. இவை எலியின் உடலில் நெடுநாள் தங்குகின்றன. அந்த எலியைத் தின்னும் ஆந்தையும் பூனையும் நாயும் நஞ்சை வாங்கிக்கொள்கின்றன.

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது என்று உறுதியாகச் சொல்கிறேன். அதற்கு மாற்று மருந்து கிடையாது. உட்கொண்டவர் முதல் ஓரிரு நாட்கள் நன்றாக இருப்பதுபோலத் தோன்றி, பிறகு கல்லீரல் செயலிழந்து உயிருக்குப் போராடும் நிலை வரும். தானியக் கிடங்குகளுக்கான அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளும் அப்படியே. ஈரம் பட்டால் அவை பாஸ்பீன் என்னும் நச்சுவாயுவை வெளியிடும். ஓர் அறையில் வைத்த மாத்திரை பக்கத்து அறையில் உறங்குபவரைக் கொல்லும்.

மருந்து வைத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், பூட்டக்கூடிய இரைப்பெட்டிக்குள் மட்டும் வையுங்கள். உறையில் எழுதியுள்ள அளவை மீறாதீர்கள். வேலை முடிந்ததும் மீந்ததை எண்ணிப் பார்த்து அகற்றுங்கள்.

குழந்தையோ நாயோ எலி மருந்தைத் தின்றுவிட்டால்?

அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்கு, பிராணியென்றால் கால்நடை மருத்துவரிடம், மருந்தின் உறையையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். எந்த நஞ்சு என்பதைப் பொறுத்தே சிகிச்சை அமையும். இரத்த உறைவைத் தடுக்கும் வகைக்கு வைட்டமின் கே1 மாற்று மருந்தாக உள்ளது. ஆனால் அதைக் கொடுக்கும் அளவும் காலமும் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியவை. வீட்டிலேயே வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம். பெரியவர்கள் யாராவது தெரிந்தே உட்கொண்டிருந்தாலும் இதுவே முறை. திட்டவோ விசாரிக்கவோ அது நேரமல்ல.

செத்த எலியின் நாற்றம் வருகிறது, ஆனால் எலியைக் காணவில்லை.

மருந்து தின்ற எலி வீட்டை விட்டு வெளியே போய்ச் சாகும் என்பது தவறான நம்பிக்கை. அது தன் கூட்டுக்கு, அதாவது உங்கள் சுவருக்குள்ளோ பரணிலோ போய்ச் சாகும். எங்கள் வீட்டில் ஒருமுறை மருந்து வைக்க வந்தவர் அப்படித்தான் உறுதி கூறிவிட்டுப் போனார். ஐந்தாம் நாள் படுக்கையறைச் சுவரிலிருந்து எழுந்த நாற்றத்தால் பதினைந்து நாட்கள் அந்த அறையைப் பூட்டி வைத்தோம். நாற்றம் மிகும் இடத்தையும் பெரிய ஈக்கள் மொய்க்கும் இடத்தையும் கொண்டு ஓரளவு கண்டுபிடிக்கலாம். எடுக்க முடிந்தால் கையுறை அணிந்து எடுத்து, இரட்டைப் பையில் கட்டி அகற்றுங்கள். முடியாவிட்டால் காற்றோட்டம் தந்து காத்திருக்க வேண்டியதுதான். சுண்டெலியென்றால் சில நாட்களிலும், பெரிய எலியென்றால் சில வாரங்களிலும் உலர்ந்து அடங்கும்.

ஒலி எழுப்பும் கருவி, புதினா எண்ணெய், பூனை இவையெல்லாம் பலன் தருமா?

மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை எழுப்பும் கருவி முதல் நாட்களில் எலியை மிரட்டலாம், பிறகு பழகிவிடும். அந்த ஒலி சுவரையும் சாமான்களையும் ஊடுருவாது. 2001-இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம், இத்தகைய கருவிகளைச் செய்தும் விற்றும் வந்த 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, அறிவியல் சான்று இல்லாமல் விளம்பரம் செய்யக் கூடாது என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. புதினா எண்ணெய், பாச்சை உருண்டை ஆகியவற்றின் வாடையையும் பசித்த எலி பொருட்படுத்தாது. பாச்சை உருண்டை குழந்தைகளுக்கு நஞ்சும்கூட.

பூனை சுண்டெலியைப் பிடிக்கும். வளர்ந்த பெரிய எலியிடம் பெரும்பாலான பூனைகள் மோதுவதில்லை. நியூயார்க்கில் ஒரு கழிவு மறுசுழற்சி நிலையத்தில் எலிகளும் தெருப் பூனைகளும் ஒன்றாக வாழ்ந்த இடத்தைப் படக்கருவி வைத்துக் கவனித்த ஆய்வு 2018-இல் வெளியானது. 79 நாட்களில் பூனைகள் கொன்றது இரண்டே எலிகளை. பூனை இருக்கும்போது எலிகள் வெளியே வருவது குறைந்தது, அவ்வளவுதான். பூனையை அன்புக்காக வளருங்கள். எலியைப் பிடிக்கும் பொறுப்பை அதன்மேல் சுமத்த வேண்டாம்.

புழுக்கையையும் கூட்டையும் எப்படிச் சுத்தம் செய்வது?

துடைப்பத்தைத் தொடாதீர்கள். உறிஞ்சும் கருவியையும் போடாதீர்கள். காய்ந்த புழுக்கையும் சிறுநீரும் தூசியாகி மூச்சில் கலப்பதால்தான் ஹான்டா வைரஸ் போன்ற நோய்கள் தொற்றுகின்றன. முதலில் சன்னல் கதவுகளைத் திறந்து அரை மணி நேரம் காற்றாட விடுங்கள். கையுறையும் முகக்கவசமும் அணியுங்கள். ஒரு பங்கு சலவைக் குளோரின் கரைசலில் ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்து, புழுக்கை நன்றாக நனையும்படி தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு காகிதத்தால் துடைத்தெடுத்து, பையில் கட்டிக் குப்பையில் போட்டு, அந்த இடத்தை மீண்டும் அதே கரைசலால் துடையுங்கள். இந்தக் கரைசலோடு அமிலம் கலந்த கழிப்பறைச் சுத்திகரிப்பானையோ அம்மோனியாவையோ கலக்கவே கூடாது, நச்சுவாயு எழும். கடைசியில் கையுறையைக் கழற்றும் முன் அதன்மேல் ஒருமுறை, கழற்றியபின் கைகளை ஒருமுறை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

எலியால் என்னென்ன நோய்கள் வரும்? எலி கடித்துவிட்டால்?

முதலில் சொல்ல வேண்டியது எலிக்காய்ச்சல். லெப்டோஸ்பைரா என்னும் கிருமி எலியின் சிறுநீரில் வெளியேறி, ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். கால் வெடிப்பு, சிராய்ப்பு, கண், வாய் வழியே உடலுக்குள் போகும். பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரங்களில் கடுமையான காய்ச்சல், தலைவலி, கெண்டைக்காலில் தாங்க முடியாத வலி, கண் சிவத்தல் ஆகியவை தோன்றும். தொடக்கத்திலேயே நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்தால் குணமாகும். தாமதித்தால் சிறுநீரகமும் கல்லீரலும் பழுதாகும். ஆகவே காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போகும்போது வீட்டில் எலி இருப்பதையும், தேங்கிய நீரில் நடந்திருந்தால் அதையும் நீங்களாகவே சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். இது தவிர, எலி நடமாடிய உணவால் சால்மொனெல்லா வயிற்றுப்போக்கும், எலித் தெள்ளால் ஒரு வகை டைபஸ் காய்ச்சலும் வரலாம். சுண்டெலி சுமக்கும் ஒரு வைரஸ் கருவில் உள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடியது என்பதால், கர்ப்பிணிகள் புழுக்கையைச் சுத்தம் செய்யும் வேலையில் இறங்கக் கூடாது.

கடித்த இடத்தை உடனே ஓடும் நீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, அன்றே மருத்துவரைப் பாருங்கள். டெட்டனஸ் ஊசி தேவைப்படலாம். எலிகளிடமிருந்து மனிதருக்கு வெறிநோய் வருவது ஏறத்தாழ இல்லை என்றாலும், எலிக்கடிக் காய்ச்சல் என்று ஒன்று உண்டு. காயம் ஆறிய பிறகும் காய்ச்சல், மூட்டுவலி, தோலில் தடிப்பு வந்தால் மீண்டும் போய்க் காட்டுங்கள்.

எலி வாய் வைத்த உணவை அந்தப் பகுதியை மட்டும் நீக்கிவிட்டுச் சாப்பிடலாமா?

கூடாது. எலி தின்னும்போதே சிறுநீர் சொட்டிக்கொண்டு நடக்கும் பிராணி. கடிபட்ட பொட்டலத்தை முழுவதுமாக எறிந்துவிடுங்கள். டப்பாவில் அடைத்த உணவென்றால் டப்பாவின் மேற்புறத்தைக் கழுவிய பிறகு திறங்கள்.

மின்கம்பியை எலி கடித்திருக்கிறது. டேப் சுற்றினால் போதுமா?

போதாது. அந்த இணைப்பின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு மின்பணியாளரை அழைத்துக் கம்பியையே மாற்றுங்கள். கண்ணில் படுவது ஒரு கடி என்றால், பரணிலும் சுவருக்குள்ளும் இன்னும் சில இருக்கலாம். உறை உரிந்த கம்பிகள் உரசித் தீப்பிடிக்கும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் நாங்கள் மட்டும் எதைச் செய்து என்ன பயன்?

உங்கள் வீட்டுச் சுவர்களில் உள்ள ஓட்டைகளை அடைத்தால் உங்கள் வீடு காக்கப்படும், அந்த அளவில் பயன் உறுதி. ஆனால் குழாய்கள் செல்லும் பொதுத் தடமும் குப்பை சேரும் இடமும் கட்டடம் முழுவதற்கும் பொதுவானவை. எந்தத் தளத்தில், எந்த நாளில், எங்கே புழுக்கை கண்டீர்கள் என்று படத்தோடு எழுதிக் கட்டட நிர்வாகத்திடமோ வீட்டு உரிமையாளரிடமோ கொடுங்கள். தனித்தனியாக ஒவ்வொரு வீட்டிலும் மருந்து வைப்பது எலியை ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு மாற்றிவிடுகிறதே தவிரக் குறைப்பதில்லை. ஒரே நாளில் எல்லா வீடுகளும் சேர்ந்து பார்க்க வேண்டிய வேலை இது.

எலி முழுவதும் போய்விட்டது என்று எப்போது நம்பலாம்?

பழைய புழுக்கையை முற்றிலும் துடைத்தெடுத்து, சுவர்க் கறைகளையும் கழுவிவிட்டு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் தென்படும் ஒவ்வொரு புழுக்கையும் புதியது என்று ஐயமின்றித் தெரியும். பொறிகளை இரையோடு அப்படியே விட்டு வையுங்கள். வாரம் ஒருமுறை இரவில் சுவரோரம் மாவு தூவிப் பாருங்கள். மூன்று வாரம் தடமோ புழுக்கையோ புதிய கடியோ தென்படவில்லை என்றால் பொறிகளை எடுத்து வைக்கலாம். அடைத்த ஓட்டைகளை மட்டும் மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஒருமுறை பென்சிலால் குத்திப் பாருங்கள். சிமெண்ட் வெடித்து ஒரு மணல் உதிர்ந்தாலும் அன்றே மறுபடி பூசிவிடுங்கள்.